அறுபத்தோரு படிவங்கள்

ஏகநாதனின் கையெழுத்து அழகாக இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் இருபத்திரண்டு வருடமாகப் படிவம் நிரப்புகிறார். மகளிர் குழுக் கடனுக்கு வரும் பெண்கள், கவுன்ட்டரில் வேறு ஆள் சும்மா இருந்தாலும் அவருக்காகக் காத்திருப்பார்கள். "அண்ணா எழுதினா திரும்பி வராது."

நிறுவனம் லாபத்தில் ஒரு பங்கை மருத்துவத்துக்குக் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஒரு வண்டி வாங்கினார்கள். வண்டி கிளை கிளையாகப் போகும். சேரும் விவரங்கள் நகரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போகும். அங்கே ஐந்து வருட ஆராய்ச்சி நடக்கிறது. அதற்கும் நிறுவனத்தின் பணம்தான்.

சென்ற பங்குனியில் வண்டி பம்மலுக்கு வந்தது. நூற்றைம்பது பெண்கள் வேண்டும் என்றார்கள். பம்மல் ஏகநாதனின் மனைவி கங்கையம்மாள் பிறந்த ஊர். தெருவிலிருந்து சுந்தரி உட்பட ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வெளியே மேஜையில் ரத்தம் எடுத்தார்கள். வண்டிக்குள் திரைக்குப் பின்னால் மார்பகத்தைப் பரிசோதிக்க நர்ஸ் இருந்தார். பெண்கள் ரத்தம் கொடுத்தார்கள். திரையைப் பார்த்ததும், "பசங்க ஸ்கூல் வுட்டு வந்துடும்ணா" என்று பலர் நழுவினார்கள். கூட வந்த ஐந்து பேரும் போன பிறகும் கங்கையம்மாள் வரிசையில் நின்றாள்.

"நீ அப்புறம் போ கங்கா. நர்ஸம்மாவுக்கு டீ வாங்கினு வா" என்றார், மேஜையில் படிவம் எழுதிக்கொண்டிருந்த ஏகநாதன்.

அவள் டீயுடன் திரும்பியபோது வண்டிக்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வருத்தப்படவில்லை. "ரத்தம் எடுத்தாங்க இல்ல, அதுலயே எல்லாம் தெரிஞ்சிடும்" என்றாள்.

கட்டம் காலியாக இருந்தால் தலைமை அலுவலகம் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடும். "ஒண்ணுகூட ரிட்டர்ன் வரக் கூடாது சார், பார்த்துக்குங்க" என்று மேலாளர் ஜெயகிருஷ்ணன் சொல்லிவிட்டுப் போனார். கடன் படிவத்தில் காலிக் கட்டம் இருந்தால் ஏகநாதன் 'இல்லை' என்று எழுதுவார். இதில், திரைக்குப் பின்னால் போகாதவர்களின் மார்பகப் பரிசோதனைக் கட்டத்தில் 'இயல்பு' என்று எழுதினார். அறுபத்தோரு படிவங்கள். கடைசியாக எழுதியது மனைவியுடையது.

ஒரு வாரத்தில் எல்லோருடைய போனுக்கும் மெசேஜ் வந்தது. அனைத்துப் பரிசோதனைகளும் இயல்பு. கங்கையம்மாள் அதை அழிக்காமல் வைத்திருந்தாள்.

ஆடி மாதம் குளித்துவிட்டு வந்தவள் கேட்டாள்.

"இன்னாங்க, இங்க ஏதோ தட்டுது. போய்க் காட்டலாமா?"

"அதான் எல்லாம் நார்மல்னு வந்துச்சே."

அந்த நேரத்தில் தான் எழுதியது அவருக்கு நினைவில் இல்லை. மெசேஜ்தான் நினைவில் இருந்தது.

தை மாதம் முதுகுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. டாக்டர் படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஏகநாதனுக்குத் தன் கையெழுத்து நினைவுக்கு வந்தது.

அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க மேல தப்பு இல்லக்கா. கம்பெனி வண்டியில பார்த்தாங்க, சுத்தமா ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் வந்துகீது. இன்னா பண்றது." அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையாவது விட்டுவைப்போம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மாசியில் ஒரு நாள், ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் மிருதுளா கட்டிலுக்கே வந்தார். கையில் ஒப்புதல் தாள் இருந்தது.

"உங்க கேஸ் எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா. கேம்ப்ல நார்மல். பத்து மாசத்துல இவ்வளவு பரவியிருக்கு. இது வேற வகைக் கட்டியா இருக்கலாம். ஸ்டடியில சேர்த்துக்கலாமா? பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்."

கங்கையம்மாள் எழுந்து உட்காரப் பார்த்தாள். ஏகநாதன் முதுகைத் தாங்கிப் பிடித்தார். எலும்புகள் கையில் தட்டுப்பட்டன.

"நாலு பேரு பொழைப்பாங்கன்னா எடுத்துக்கம்மா" என்றாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "பார்த்தீங்களா, நானும் ஒரு ஃபாரத்துல முக்கியமான ஆளாயிட்டேன். பேனாவைக் குடுங்க."

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கொடுக்கவில்லை.

"டாக்டர், அது நான் எழுதினது."

"எது சார்?"

"நார்மல்னு. இவ உள்ள போகவே இல்ல. நான்தான் டீ வாங்க அனுப்பிச்சேன். கட்டம் காலியா இருந்தது. எழுதிட்டேன்."

டாக்டர் தாளை மடித்தார்.

"இவங்களோடது மட்டுமா?"

"அறுபத்தொண்ணு."

கங்கையம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி மாதத்தைப் பற்றிக் கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை.

"நான் கூட்டினு வந்தவங்க?"

"அவங்களும்."

"சுந்தரியுமா?"

தலையசைத்தார்.

அவள் கையை நீட்டினாள். அவர் பேனாவைக் கொடுத்தார்.

"போனு" என்றாள்.

எண்ணை அவளே தேடி எடுத்தாள். "சுந்தரி, நான் கங்கா. ம், கீறேன். நீ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த மெசேஜை நம்பாத. இல்லடி, யாரும் பார்க்கல. எங்க வூட்டுக்காரு பார்க்காம எழுதினது."

அடுத்த எண்ணைத் தேடும்போது மூச்சு வாங்கியது. போனை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் எண்ணை அழுத்தினார்.