தாத்தாவின் தாத்தா உழுத வயல்

இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் அவர்கள் சிவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதத் தகுந்தவர் என் மதினிதான். ஆனால், "பொய் சொல்லாம எழுதுங்க கொழுந்தனாரே, அது போதும்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார். முயல்கிறேன்.

அண்ணன் பிறந்தது ஆழ்வார்குறிச்சிக் கீழத்தெருவில். தந்தையார் காலமானபோது அவருக்குப் பதினாறு வயது; எனக்கு ஆறு. படிப்பை நிறுத்திவிட்டு, அம்பாசமுத்திரம் தாலுகா கச்சேரியில் பத்திரங்களுக்கு நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். எங்கள் ஊருக்கு ரயில் வரும்வரை போக வர நடைதான். அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். நானோ எந்த வகுப்பையும் ஒரே ஆண்டில் பிரிய மனமில்லாத மாணவன். அதற்காக அவர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

படிப்பு ஏறாத தலையில் பரம்பரைப் பெருமை ஏறியது. நம் கோயிலில் ஒரு செப்பேடு உண்டு. மாலைச் சாயரட்சைப் பூசைக்குப் பத்துக் கோட்டை நெல் விதைக்கும் அளவுள்ள நஞ்சை நிலத்தை எழுதிவைத்த செல்வந்தரின் பெயர் அதில் இருக்கிறது. எங்கள் தாத்தாவின் தாத்தா பெயரும் அதுவே! அண்ணனின் பெயரும் அதுதான். தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது நம் வழக்கமல்லவா? இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். நம் தெருக்களில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

பங்குனித் திருவிழாவில், நிலம் கொடுத்தவரின் வாரிசு என்று மேலத்தெருச் சித்தப்பாவுக்கு (ஊர்முறையில்தான் சித்தப்பா) தலையில் கட்டும் பரிவட்டம் எங்களுக்கே உரியது என்று ஊரெல்லாம் சொன்னேன். தர்மகர்த்தாவிடமும் போனேன்.

"ஆதாரம் இருந்தா கொண்டாரும்வே, பாப்போம்" என்றார்.

அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய், அந்தக் காலத்தில் நிலம் அளந்து எழுதிய பதிவேடுகளைத் தேடினார். ஐந்தாம் நாள் வந்தார்.

"ஏலே, பேரு சரிதான். ஆனா ஒரே பேர்ல ரெண்டு பேரு இருந்திருக்காவ. நெலத்துக்காரரு மேலத்தெரு. அதை உழுது பயிர்வச்சவரு கீழத்தெரு. அவருதான் நம்ம ஆளு."

நானோ பரிவட்டத்துக்குப் பொருத்தமாகப் பட்டுவேட்டிகூட வாங்கி வைத்திருந்தேன்.

"தெருப் பேரை விட்டுட்டு நகல் எழுதிருங்க அண்ணாச்சி. யாரு கண்டா?"

"நான் கண்டேம்லா."

மறுநாளே உள்ளபடி எழுதிய நகலைத் தர்மகர்த்தாவிடம் கொடுத்துவிட்டார். மேலத்தெருவாரின் உரிமைக்கு அசைக்க முடியாத ஆதாரம் எங்கள் வீட்டிலிருந்தே போனது. பாகம் பிரித்துக்கொண்டு போகிறேன் என்று குதித்தேன்.

"என்னத்தப் பிரிக்கப் போறிய? திருகையில மேல்கல்லு உங்களுக்கு, கீழ்கல்லு எங்களுக்கா?" என்றார் மதினி.

பிரிக்க வேறொன்றும் இல்லாததால், அண்ணனோடு பேசுவதை நிறுத்தினேன். மூன்று மாதம்! அவர் எனக்குப் பரிமாறச் சொல்வதை நிறுத்தவில்லை.

திருவிழா அன்று வெட்கப்பட்டு வீட்டிலேயே ஒளிந்திருந்தேன். அண்ணன் வந்து நின்றார்.

"வாலே. நம்ம தாத்தாவோட தாத்தா உழுத வயல்நெல்லுலதான் இன்னைக்கும் சாமிக்குப் படையல் ஆகுது. பாத்துட்டு வருவோம்."

போனேன். பரிவட்டம் கட்டிய தலையோடு சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தம்மைவிட இளையவரான அண்ணனைக் கைகூப்பி வணங்கினார். கற்பூரப் புகை கண்ணில் பட்டது என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். புகை எதிர்ப்பக்கம் போயிற்று.

அண்ணன் காய்ச்சலில் படுத்தபோது, அம்பாசமுத்திரத்து ஆஸ்பத்திரிக்குத் தம் வில்வண்டியில் ஏற்றிச்சென்றவர் அதே சித்தப்பாதான். கடைசிப் பதினொரு நாளும் அவர் வீட்டிலிருந்தே கஞ்சி வந்தது. அவருக்கும், முறைவைத்து உடனிருந்த கச்சேரி நண்பர்களுக்கும், தோள் கொடுத்த இரு தெருவாருக்கும், இன்றும் எனக்குச் சோறிடும் மதினிக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அண்ணன் தம் கைப்பட எழுதிய எங்கள் வம்சாவளி அடுத்த பக்கத்தில் இருக்கிறது. தாத்தாவின் தாத்தா பெயருக்கு எதிரே 'உழுது பயிர்செய்தவர்' என்று எழுதியிருக்கிறார். அச்சுக்கூடத்தில் அந்த வரியை நானே உட்கார்ந்து இரண்டு முறை சரிபார்த்தேன். ஓர் எழுத்தும் விடுபடவில்லை.