வெர்னின் குறட்டை

மினசோட்டாவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள் மார்லிஸ். மாதவிலக்கு நின்ற பிறகு கணவன் வெர்னோடு சேர்வது அவளுக்கு வேதனையாகிவிட்டது. வெர்ன் குறட்டை விடுகிறார் என்று எங்களிடமெல்லாம் சாக்குச் சொல்லி, அவருடைய தலையணையை மாடி அறைக்கு அனுப்பிவிட்டாள். இந்தக் குளிர்காலத்தில்தான் டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்தாள்.

"பனியில கை வெடிச்சா களிம்பு தடவுறீங்கல்ல? அது மாதிரிதான் இதுவும். இதுல என்ன வெக்கம்?" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தாராம் அவர்.

வியாழக்கிழமை மார்லிஸ் வீட்டில் சீட்டாடினோம். தேவாலயத்தில் பாடும் ஆர்டிஸ், சிரிப்பதற்குக்கூட யோசிப்பவள், குளியலறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே களிம்பை வைத்துவிட்டது அப்போதுதான் மார்லிஸுக்கு உறைத்தது. என் காதில் அதைச் சொல்லும்போதே அவள் முகம் சிவந்துவிட்டது.

ஆர்டிஸ் வந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடியே, "ஏன்டி, பிரஷ் பக்கத்துல ஒரு களிம்பு இருக்கே, அது கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. வெர்ன் கீழ வந்துட்டாரு."

"குறட்டை?"

"அவரு பாட்டுக்கு விடுறாரு."

ஆர்டிஸ் ஒரு சீட்டை இறக்கினாள்.

"அது பேரை எழுதிக் குடு. எங்க வீட்டு மனுஷனும் ரொம்ப வருஷமா குறட்டை விடுறாரு."