குளிரில் மட்டும் பிழைத்த புழுக்கள்

தேயிலை வேரைத் தின்னும் புழுக்களை எண்ணுவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். அதே மண்ணில், வேருக்குத் தீங்கு செய்யாத இன்னொரு புழுவும் இருந்தது. கண்ணாடி போன்ற உடல். முட்டைக்குள் கரு வளர்வதை அப்படியே பார்க்கலாம். அதைத் தட்டுகளில் வளர்த்தேன். யாரும் வளர்க்கச் சொல்லவில்லை, தடுக்கவுமில்லை.

கருவில் சாயம் ஏற்றினால் புரதத் துகள்கள் தெரியும். உடலாகப் போகிற செல்கள் அவற்றைச் சீக்கிரமே அழித்துவிடும். ஒரு குடும்பத்தில் மட்டும் அவை அழியாமல் கட்டிகட்டியாகத் தங்கின. வேறு புழுக்களோடு கலந்து பேரப்பிள்ளைகள் வரை பார்த்தேன். நாலில் ஒன்றுக்கு அதே குறை. பரம்பரைதான், சந்தேகமில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

ஆய்வுக்கூடத் தலைவரான டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் போனார். சில வாரங்களில் அது தட்டச்சுக் கட்டுரையாக என் மேசைக்குத் திரும்பியது, பிழை திருத்த. மேலே அவர் பெயர் மட்டும்.

"டாக்டர், என் பேரு?"

"நீ கூலிக்காரங்க லைன் வீட்டுப் பையன்லா. புழுவ எண்ணு. பேரு எதுக்கு?"

தலைநகரில் ஒரு வெளிநாட்டு விருந்தினரிடம் உயிருள்ள கருக்களைக் காட்டினால்தான் கட்டுரை அச்சேறும். புறப்படுமுன், மிச்சத் தட்டுகளைக் கொதிநீர் ஊற்றி அழிக்கும்படி உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார். என்னிடம் விட்டுவைக்கப் பயம்.

அந்தப் புழுக் குடும்பம் மலைக் குளிரில்தான் பிழைக்கும். சூடு பட்டால் கரு செத்துவிடும். ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. டாக்டர் முடிவுகளை மட்டும் நகலெடுத்தார். பராமரிப்புப் பக்கம் கூலிவேலை அல்லவா!

அட்டைப்பெட்டியைக் காரின் பின்னால் வைத்தபோது டிரைவர் அண்ணன் கேட்டார்: "டாக்டரே, கீழ தாப்பா டவுனுக்கு இறங்குனா சூட்டுல கோபிஸே வாடிப் போவுது. ஐஸ் வேணாமா?"

"இது என்ன கோபிஸ் ஏத்துற லோரியா?" முட்டைக்கோஸோடு ஒப்பிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மூடியைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து நின்றார். "எல்லாம் செத்துப் போச்சு. மிச்சம் இருக்கா?"

நான் அழிக்காமல் வைத்த ஒரே ஒரு தட்டு ஜன்னலோரம் இருந்தது.

"இருக்கு. கட்டுரையில என் பேரையும் போடுங்க."

"அசிஸ்டெண்டு பேரையெல்லாம் போட்டா என்னப் பாத்துச் சிரிப்பாங்க."

"அப்ப யாரும் சிரிக்க வேணாம், டாக்டர்."

அவர் கையெழுத்திட்ட உத்தரவை மேசையில் விரித்து வைத்தேன். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பார்த்திருக்க, தட்டு நிறைய ஊற்றினேன். அந்த உத்தரவுப் படிவத்தில் 'அழித்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அந்த ஆய்வில் என் பெயர் பதிவானது அங்கே மட்டும்தான்.

ஓய்வு பெற்ற பிறகு, செல் தன் குப்பையைத் தானே தின்று செரிக்கும் விதத்தையும், அதற்கான சில மரபணுக்களை, இப்படித் துகள்கள் அழியாமல் தங்கிய புழுக்கருவை வைத்தே கண்டுபிடித்ததையும் படித்தேன். கண்டுபிடித்தவர்களின் பெயர்ப் பட்டியலை இரண்டு முறை பார்த்தேன். அவர் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.