நாலு மணிக்கு அங்கே யார்?

எங்கள் அக்கா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டவர்கள் இப்போது முட்டுக்காட்டு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். வாசலைத் தாண்டினால் சாலை. ஆகவே குடும்பத்தின் சார்பில் முதல் வேண்டுகோள்: நடந்துகொண்டே படிக்காதீர்கள். அக்கா இருந்திருந்தால் மலரைப் பிடுங்கிக்கொண்டு, உங்களை அந்தப் பக்கம் பத்திரமாகச் சேர்த்துவிட்டு, அதன் பிறகுதான் திருப்பிக் கொடுத்திருப்பார்.

அக்காவின் இரக்கம், பொறுமை, தைரியம் மூன்றையும் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். இரக்கம் நிறைய உண்டு. பொறுமை சுமார். தைரியம் அறவே கிடையாது. அந்த இல்லாத தைரியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அக்கா பிறந்தது திருக்கழுக்குன்றத்தில். அப்பா கோயில் அலுவலகத்தில் எழுத்தர். பயம் அக்காவுடன் கூடவே பிறந்தது. எனக்கு முன்னால் பிறந்துவிட்டதால் வீட்டில் என்னைவிட அதற்கு மரியாதை அதிகம். இடி, நாய், திறந்த கிணறு, மண்ணெண்ணெய் அடுப்பு, மலைப்படியில் என்னுடைய ஓட்டம் என்று எல்லாவற்றுக்கும் பயப்படுவார். அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது அக்கா பள்ளியிறுதியைத்தான் முடித்திருந்தார். செங்கல்பட்டில் ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து அம்மாவைக் காப்பாற்றினார், என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்தப் படிப்பைக் கொண்டு நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனாக ஆனேன். அக்கா இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. “தம்பி செங்கல்பட்டுல ஆபீஸ்ல இருக்கான்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

அக்காவை மணந்த மாமாவுக்கு முட்டுக்காடு படகுத் துறையில் வேலை. திருமணமாகி அங்கே வந்த சில ஆண்டுகளில் ஊரின் கிளைத் தபால் நிலையம் அக்காவின் பொறுப்பில் வந்தது. வீட்டின் முன்னறைதான் தபால் நிலையம். ஜன்னல் வழியே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிப் பள்ளிக்கூடம். பிள்ளைகளின் வீடுகளோ பெரும்பாலும் இந்தப் பக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதில் கவலைப்பட ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கார் வந்தால் மாமாவும் எதிர் டீக்கடை முனுசாமியும் எழுந்து நின்று பார்ப்பார்கள். காரும் நின்று மகாபலிபுரத்துக்கு வழி கேட்டுவிட்டுப் போகும். பிறகு சாலையை அகலமாக்கினார்கள். குண்டும் குழியும் போயின, வெள்ளைக் கோடு வந்தது. ஊரே மகிழ்ந்தது. அக்கா மட்டும் என்னிடம், “இவ்ளோ வழவழன்னு எதுக்குடா போடறாங்க?” என்று கேட்டார்.

எதற்கென்று ஒரு சாயங்காலம் தெரிந்தது. பள்ளி விட்ட நேரம். அக்கா தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பிரேக் சத்தம் கேட்டதும் கையிலிருந்த முத்திரையோடே ஓடினார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கால் எலும்பு முறிந்து கிடந்தாள். கார் நிற்கவில்லை. அக்கா அவளை வாரித் தூக்க, முனுசாமி கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பிழைத்தாள், லேசாகச் சாய்ந்து நடப்பாள். அன்று அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் முட்டுக்காடு தபால் முத்திரை பதிந்திருந்தது. “ஏதோ பார்சல் மாதிரி அனுப்பிட்டேன்டா” என்று அக்கா பல வருடங்கள் கழித்தும் சொல்லுவார். சிரிக்க மாட்டார்.

மறுநாள் அக்கா பீரோவைத் திறந்தார். நம் வீடுகளில் வந்துபோகும் பெண்களுக்கு வெற்றிலைபாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணியைப் பற்றி இந்த மலரின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எவருக்கும் போதாத அளவு, எவரும் தைக்காத நிறம். வாங்கியவர் அடுத்தவருக்கு வைத்துக் கொடுக்க, அது ஊரெல்லாம் சுற்றி, முதலில் கொடுத்தவர் மடியிலேயே வந்து விழும். அந்தச் சுற்றிலிருந்து சிவப்பை மட்டும் அக்கா பிடித்து வைத்துக்கொண்டார். ஒட்டடைக் கழியில் கட்டினார். நாலு மணிக்குப் பள்ளி மணி அடித்ததும் சாலை நடுவில் போய் நின்றார். கைகால் நடுங்கியதாக மாமா சொன்னார். கொடியும் நடுங்கியதால் தூரத்திலிருந்தே தெரிந்ததாம்.

கடற்காற்றில் ஒரு கொடி சில வாரங்களில் நாராகிவிடும். அதனால் கல்யாண வீடுகளில் எல்லாரும் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப, அக்கா மட்டும் நின்று, “சிவப்பு இருந்தா மாத்திக் குடுங்களேன்” என்று கேட்பார். அழுத்தமான நிறத்தில் அவருக்கு ஆசை என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம்.

ஏதோ ஒரு கார்க்காரர் புகார் சொல்லி, காவல் நிலையத்திலிருந்து ஏட்டையா விசாரிக்க வந்தார்.

“யாரும்மா நீ? டிராபிக்க நிறுத்தறதுக்கு உனக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?”

“யாரும் குடுக்கலைங்க. நீங்க குடுங்க.”

“இன்னா பேச்சு பேசற! ஒருத்தன் அடிச்சுத் தூக்கிட்டுப் போனா நானில்ல பதில் சொல்லணும்?”

“அதான் எனக்கும் பயமா இருக்கு. கொஞ்சம் கூட நில்லுங்களேன்.”

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கோலி சோடா உடைத்த மாதிரி பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். ஏட்டையா பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாலையில் இறங்கினார். அன்றைக்கு இறங்கியவர்தான். மறுநாள் முதல் வடக்கே ஏட்டையா, தெற்கே அக்கா, பள்ளி வாசலில் முந்திக்கொண்டு ஓடும் பிள்ளைகளின் சட்டைக்காலரைப் பிடிக்க முனுசாமி என்று ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது.

இதில் சேராதவர் கன்னியம்மா. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து, பிள்ளைகள் கடக்கும் இடத்திலேயே, சாலையோரம் கடை விரிப்பவர். மீன் வாங்க வண்டிகள் நிற்கும். நின்ற வண்டி பிள்ளைகளை மறைக்கும். தள்ளி உட்காரச் சொல்லி அக்கா தினமும் கெஞ்சுவார்.

“ரோடு இன்னா உன் வூட்டு முற்றமா? செவப்புக் கலர்ல ஒரு துணிய கட்டிக்கினு வந்துட்டா நீ பெரிய இன்ஸ்பெக்டரா?” என்பது கன்னியம்மாவின் பதில்களில் அச்சிடத்தக்கது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஜனவரியில், சாலைப் பாதுகாப்பு வாரத்தில், இந்தப் பகுதியில் சாலைக்காக உழைத்த காவலர்களையும் பொதுமக்களையும் கௌரவிக்கக் கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். அக்காவுக்கும் அழைப்பு. மதியம் இரண்டு மணிக்கு என்று போட்டிருந்தது. மூன்றுக்கெல்லாம் திரும்பிவிடலாம் என்று நம்பி, துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சிறப்பு விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றியபோதே மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டையா அங்க இருப்பார் இல்லடா?”

“இருப்பார்க்கா.”

பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். அக்காவுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஏதோ மின்னும் நினைவுப் பரிசும் கொடுத்தார்கள். “இந்தத் தைரியமான பெண்மணி நாலு வார்த்தை பேசுவார்” என்று ஒலிபெருக்கியை முன்னால் நகர்த்தினார்கள். அக்கா வாயைத் திறக்கும்போது, அடுத்த பெயருக்காக மேடையோரத்தில் படியேறினார் ஒருவர். விறைப்பான புதுச் சீருடையில் ஏட்டையா. பின் வாசல் வழியாக வந்திருக்கிறார்.

“ஏட்டையா... நீங்க இங்க இருந்தா அங்க யாரு?”

அது ஒலிபெருக்கியில் போயிற்று.

“முனுசாமி கீறாம்மா. சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

“நான் இங்க கீறேன் ஏட்டையா!” சபையின் கடைசி வரிசையிலிருந்து முனுசாமி எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. “எனக்கும் கார்டு வந்துச்சே! அக்கா வராது, அதுக்குக் கூட்டம்னாலே பயம், அது பாத்துக்கும்னு நெனச்சேன்!”

சபை கைகொட்டிச் சிரித்தது. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். இத்தனை ஆண்டு ஒருவரையொருவர் நம்பியே பழகியவர்களால் மட்டும் செய்ய முடிந்த பிழை அது. சாலையைக் காத்ததற்காக மூவரும் மாலை வாங்கிக்கொள்ள, சாலையில் ஒருவரும் இல்லை. நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

மேடையில் இருந்த காவல்துறை அதிகாரி சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார், எழுந்தார், “ஜீப்ப எடுங்க” என்றார். சிறப்புரை அதோடு நின்றது. அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. இந்த வரி அவர் கண்ணில் பட வேண்டும்.

ஜீப்பில் முன்னால் அக்கா, பொன்னாடையோடு. பின்னால் ஏட்டையா, முனுசாமி, கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான். அக்கா ஓட்டுநரிடம், “சீக்கிரம் போப்பா” என்பார். ஜீப் பறக்கும். உடனே, “ஐயோ மெதுவாப் போப்பா, ரோட்டுல யாராவது குறுக்க வந்துடப் போறாங்க” என்பார்.

“அம்மா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றார் ஓட்டுநர்.

“ரெண்டும்தாம்ப்பா!”

கோவளத்தில் திரும்பிக் கடற்கரைச் சாலையைப் பிடித்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. முனுசாமியின் உதடுகள் ஏதோ வேண்டுதலில் அசைந்தன. பொதுவாக எந்த மௌனத்திலும் ஒரு நகைச்சுவையை நுழைத்துவிடும் எனக்கு, என் மடியில் இருந்த பெட்டி கடகடவென்று ஆடுவதுதான் தெரிந்தது. ஜீப் ஆட்டுகிறது என்று நினைத்தேன். ஜீப் நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது.

ஜீப் நின்றது ஏனென்றால், பாலத்தைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. தூரத்தில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே, கூட்டம். சாலையில் கூட்டம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்கா இறங்கி ஓடினார். செருப்பு ஒன்று கழன்று வரிசையிலேயே கிடந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாலையின் நட்ட நடுவில் மீன் இருந்த அலுமினிய அன்னக்கூடை. அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கன்னியம்மா. அவர் எதிரில் ஒரு சுற்றுலாப் பேருந்து, ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்ட அதன் ஓட்டுநர்.

“இன்னாடா ஆரன் அடிக்கற? என் மீன ஏத்திடுவியா? ஏத்து பாக்கலாம்! குட்டிங்க போவுது, கண்ணு தெரில?”

குட்டிகள் போய்க்கொண்டிருந்தன. கடைசிப் பிள்ளை எங்களைத் தாண்டி வீட்டுக்குப் போனான். அக்கா மூச்சிரைக்க நின்றார். கன்னியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்க போய்ட்ட நீ? மணி அடிச்சிட்டான், ஒரு நாதியும் காணோம். எனக்கு நெஞ்சு பதபதன்னு வந்துடுச்சி. பட்டாளத்தையே கூட்டிக்கினு போய்ட்டா இன்னா அர்த்தம்?”

அக்கா தோளிலிருந்த பொன்னாடையை எடுத்துக் கன்னியம்மாவுக்குப் போர்த்தினார். கன்னியம்மா ஓரத்து ஜரிகையைத் தடவிப் பார்த்தார். “நல்லாதான் கீது” என்று சொல்லி, அதை எடுத்துக் கூடையில் மீன்மேல் மூடினார். “ஈ மொய்க்குது.”

மறுநாள் கடையைச் சற்றுத் தள்ளி விரித்தார். மணி அடித்தால் எழுந்து வந்தார். நால்வரானார்கள். அதற்குப் பிறகு அக்கா நின்ற ஆண்டுகளில் அந்த இடத்தில் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் அக்காவின் பயம் குறைந்ததா என்றால், இல்லை.

கடைசி மாதங்களில் இதயம் பலவீனமாகிச் செங்கல்பட்டில் மருத்துவமனையில் இருந்தார். மாலை ஆகிவிட்டால் கேட்பார்: “மணி அடிச்சிருப்பாங்க. யாருடா நிக்கறா?” நான் மூன்று பெயரையும் சொல்வேன். “மூணு பேரும் ஒண்ணா எங்கயும் போயிடலையே?” என்பார். பேச்சு நின்ற பிறகும் அந்த நேரத்துக்கு அவர் கண் என் கைக்கடிகாரத்துக்கு வரும்.

இறுதி ஊர்வலம் சாலையைக் கடந்துதான் கிழக்கே போக வேண்டும். ஓய்வு பெற்றுவிட்ட ஏட்டையா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அக்காவின் கொடியோடு வடக்கே நின்றார். தெற்கே கன்னியம்மா. எந்த வண்டியும் ஒலி எழுப்பவில்லை. அன்றுதான் அக்கா இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடந்தார்.

அக்காவின் இடத்தில் நானும் ஒரு நாள் நின்று பார்த்தேன். கன்னியம்மா என்னைத் தோளைப் பிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். “ஐயா, நீ இப்டி குந்து. உன்னப் பாத்துக்கறதுக்கே தனியா ஒரு ஆளு ஓணும்.” அக்கா வளர்த்த தம்பியைப் பற்றி ஊர் சரியாகவே தெரிந்து வைத்திருக்கிறது.

அக்காவை நோயில் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஜீப்பை அனுப்பிய அதிகாரிக்கும், அந்தச் சாலையில் இன்றும் நாலு மணிக்கு வந்து நிற்கும் காவலர்களுக்கும், முனுசாமிக்கும், கன்னியம்மாவுக்கும், ஏட்டையாவுக்கும் மாமாவும் நானும் கைகூப்பி நன்றி சொல்லிக்கொள்கிறோம். வீட்டில் சிவப்பு ரவிக்கைத் துணி வைத்திருப்பவர்கள் அதை இனிமேல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடாமல் இங்கே அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். காற்று அப்படியேதான் அடிக்கிறது.

கடைசியாக ஒன்று. இன்று பள்ளி நாள். பந்தியில் அவர்கள் மூவரையும் காணவில்லையே என்று யாரும் குறைப்பட வேண்டாம். முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போயிற்று. பிள்ளைகள் எல்லாரும் கடந்த பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு இலை எடுத்து வைத்திருக்கிறது.