துணி வண்டி போகும் வழி

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினான்கு வருஷம் துணி வண்டி தள்ளியவர் அவர். எல்லோருக்கும் அக்கா. ஈரப் போர்வை மூட்டையைத் தூக்கும்போது ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் படுக்கை. இனி பாரமே தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கணவர் இல்லை, மகள் காலேஜில் படிக்கிறாள். வேலை போச்சு என்றே அக்கா நினைத்தார்.

தலைமை டாக்டரம்மா அவரைக் கைவிடவில்லை. வாசல் பக்கத்து விசாரணைக் கவுண்டரில் உட்காரவைத்தார். “யூ வில் ஃபைண்ட் யுவர் ஃபீட்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா குனிந்து காலைப் பார்த்தார். பக்கத்தில் சீட்டு எழுதுகிறவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என் காலை நான் எதுக்குங்க தேடணும்?”

“அது இங்கிலீஷ்காரன் பேச்சுக்கா. போகப் போகக் காலூன்றிக்குவீங்கன்னு அர்த்தம்.”

“அதை அப்படியே சொல்லியிருக்கலாமே!”

காலூன்றுவது லேசாக இல்லை. இடது, வலது, இரண்டாவது மாடி என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. போனவர்களே பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து நின்றார்கள். ஒரு பெரியவர் மூன்றாவது தடவையாக வந்தார்.

“வீட்டுக்காரிக்கு ஆபரேஷன்மா. கையெழுத்து போடக் கூப்பிட்டாங்க. எங்கன்னே தெரியல.”

அக்கா எழுந்துவிட்டார். சமையல்கூடத்துக்குப் பின்னால், துணி வண்டி போகிற நடைவழியில் அவரைக் கூட்டிப்போனார். மூன்றே நிமிஷத்தில் ஆபரேஷன் தியேட்டர்.

திரும்பி வந்தால், காலி நாற்காலி முன்னால் டாக்டரம்மா நிற்கிறார். பின்னால் நீள வரிசை.

“எங்க போனீங்க?”

அக்கா உள்ளதைச் சொன்னார். “வாயால சொன்னா யாருக்கும் புரியல மேடம். எங்க வண்டிப் பாதையில போனா ஒரே நேர் வழி.”

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்கும் காட்டுங்க.”

ஒன்பது வருஷமாக அங்கே இருப்பவர், அந்த நடைவழியை அன்றுதான் பார்த்தார். அடுத்த மாதமே அதன் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. வாசலிலிருந்து தியேட்டர் வரை தரையில் நீலக் கோடு போட்டார்கள். பிறகு பிரசவ வார்டுக்கு மஞ்சள், எக்ஸ்ரேவுக்குப் பச்சை. எந்தக் கோடு எங்கே திரும்ப வேண்டும் என்று பெயிண்டருக்குச் சொன்னவர் அக்கா. அதன்பின் அவருக்கு வேலை கைவந்துவிட்டது. “நீலத்தைப் பிடிச்சே போங்க” என்பார். போனவர்கள் மறுபடி வழி கேட்டு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து டாக்டரம்மாவுக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பும் கூட்டம் கலைந்ததும் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வந்தது.

“நீங்க மட்டும் அன்னைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தா, என் பொண்ணு படிப்பு பாதியில நின்னிருக்கும் மேடம்.”

“அழாதீங்க. புது ஆஸ்பத்திரி இதைவிடப் பெருசாம். அங்க என் ரூமைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும்போல.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சலவைக்காரங்களைக் கேளுங்க மேடம். அவங்க போகாத இடம் இருக்காது.”