நெயில் பாலிஷ் புள்ளி வைத்த மீன் தொட்டி

கதவைத் திறந்ததும் மாட்டுக்கொட்டகை வாசனை அடித்தது... எங்களுடையது மாடி வீடு. மாடு ஏறி வர வழியே இல்லை.

கடலூர் முதுநகரில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த நாட்கள் அவை. சிதம்பரத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் எனக்கு வேலை. காலையில் ரயிலேறினால் சாயங்காலம்தான் திரும்புவேன். மனைவி செல்விக்கு அப்போது ஐந்தாம் மாசம். அதற்கு முந்தினது மூன்றாம் மாசமே தங்காமல் போயிருந்தது. அதனால் பாத்ரூம் போவதைத் தவிர கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பகலெல்லாம் ஃபேனைப் பார்த்தபடி படுத்திருப்பாள். கீழ் வீட்டு ஓனர் ஸ்டெல்லா அக்கா பத்து மணிக்கு டீ கொண்டு வருவார், சாயங்காலம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பயம்தான்.

"அசையுதா இல்லயான்னே தெரியலங்க..." என்று போன் பண்ணுவாள். யாருடைய போனையோ பிரித்துப் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் வந்துடறேன்" என்பேன்.

கடையில் கூட வேலை பார்த்த ஒருவர், வீடு மாறும்போது தன் பழைய மீன் தொட்டியைச் சும்மாவே கொடுத்தார். ஆறு கப்பி மீன் விட்டு, கட்டிலை ஒட்டி ஒரு மேசை மேல் வைத்தேன். செல்விக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் வாங்கி நட்ட செடி ஒரே வாரத்தில் கூழாகிவிட்டது. இன்னொன்று வாங்கினேன், அதுவும் கூழ். வெறும் கலர் கல்லில் எதைத் தின்று வளரும்? பேசாமல் பிளாஸ்டிக் செடி வைத்துவிடலாமே என்றேன்.

"வேணாங்க. அது அப்படியேதான் நிக்கும். எனக்கு ஏதாச்சும் ஒண்ணு வளர்றத பாக்கணும்."

உயிர்ச் செடிக்கே வழி என்ன என்று விசாரித்தேன்.

தொட்டிச் செடிக்கென்று பாக்கெட்டில் விற்கிற மண்ணெல்லாம் எங்கள் கைக்கு எட்டாதது. செல்வியின் தம்பி சேகரிடம் புலம்பினேன். அண்ணாகிராமம் பக்கம் முந்திரி, பலா போட்டிருப்பவன். "செடிதான மாமா? எங்கிட்ட சொல்லிட்டீங்கல்ல, வுடுங்க" என்றான்.

அவன் வந்த லட்சணம்தான் கதவைத் திறந்ததும் அடித்த அந்த வாசனை. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மூட்டையோடு வந்து, தோப்புச் செம்மண்ணில் பாதிக்குப் பாதி சாணி எருவைக் கலந்து தொட்டியில் கொட்டியிருந்தான். சேத்தியாத்தோப்பு போன இடத்தில் வாய்க்காலில் அள்ளிய வேலம்பாசி என்கிற நீர்ச்செடியையும் அதில் ஊன்றியிருந்தான். எல்லாம் அக்கா மேல் இருந்த பாசத்தில்தான்.

தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சேகர் கையெல்லாம் மண்ணாக விழித்துக்கொண்டு நிற்கிறான். செல்வி எழுந்து உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டாள்.

"எறங்காத!" நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"மீனு சாவுதுங்க... ஒண்ணக்கூட காப்பாத்த முடியலயே என்னால..."

அவள் மீனை மட்டும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது, சேகருக்கும் புரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சத்தம் கேட்டு ஓடி வந்த ஸ்டெல்லா அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கீழே போய், கிறிஸ்துமஸுக்குக் கறி ஆக்குகிற அண்டாவைத் தூக்கி வந்தார். குளோரின் போகட்டும் என்று முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது நல்லதாகப் போயிற்று. டீ வடிகட்டியால் மீன்களை அள்ளி அதில் விட்டோம். நாலு பிழைத்தன.

"நெலத்துல இதே எருவ போட்டா எப்டி வரும் தெரியுமா மாமா..." என்று சேகர் முனகினான்.

"மச்சான், நெலத்துல மீன் இல்லடா."

அழுதுகொண்டிருந்த செல்வி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேகர் மறுபடி வந்தான். இந்த முறை எரு படாத, ஆழத்தில் தோண்டிய வெறும் செம்மண். மாவு சல்லடையில் சலித்து ஓர் அங்குலம் பரப்பி, மேலே நன்றாகக் கழுவிய மணலால் மூடி, வாளியில் போட்டு வைத்திருந்த வேலம்பாசியை நட்டோம். படுத்தபடியே மேஸ்திரி வேலை பார்த்தாள் செல்வி. விளக்கு, வீட்டில் எரிகிற சாதாரண வெள்ளை பல்புதான். டீ கொண்டு வரும்போது ஸ்டெல்லா அக்கா போடுவார், சாயங்காலம் வந்து அணைப்பார். அதற்கு மேல் எரிந்தால் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி.

"அப்ப எருவே வேணாமா மாமா?"

"மீன் போடுற கழிவே போதும் மச்சான்."

செடி பிடித்துக்கொண்டது. ஞாயிறுதோறும் செல்வி படுத்தபடியே கையை நீட்டி, நுனி எட்டிய உயரத்தில் கண்ணாடி மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பாள். தண்ணீர் மட்டத்தைத் தொட்டதும் நுனியை வெட்டிப் பக்கத்தில் நடுவேன். புள்ளியும் கீழேயிருந்து புதுசாக ஒரு வரிசை தொடங்கும். புள்ளி ஏற ஏற, பயந்து வரும் போன் குறைந்தது. "இன்னிக்கு நல்லா ஒதைக்குதுங்க" என்று சொல்ல போன் வர ஆரம்பித்தது.

இப்போது சிதம்பரத்தில் இருக்கிறோம். செடிக்கென்றே மண், உரம், விளக்கு எல்லாம் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. வாங்கவும் முடியும்... ஆனாலும் அதே தொட்டி, அதே வாய்க்கால் செடியின் வாரிசுகள்தான். வெட்டிப் போடுவதைக் கேட்பவர்களுக்கெல்லாம் கவரில் போட்டுக் கொடுக்கிறேன். சேகருக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் நான் நன்றி என்று வாயால் சொன்னதே இல்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் தொட்டியைத் துடைக்கும்போது மகள் கேட்டாள். "இது என்னப்பா செவப்பு செவப்பா? சொரண்டிடவா?"

"வேணாம் பாப்பா, இருக்கட்டும்."

விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். "மூணு வரிசை மேல வரைக்கும் போவுது. இந்தக் கடைசி மட்டும் ஏன் பாதியில நிக்குது?"

அடுப்படியிலிருந்து செல்வி சொன்னாள்.

"அங்கதான்டி நீ வந்துட்ட."