சேஸிஸ் நம்பரும் ஒரு பென்சிலும்: செங்கல்பட்டிலிருந்து திருவிடந்தைக்கு ஜீப் வாங்கப் போன கதை

ஒரு பழைய ஜீப்புக்காக ஆறு வருடமாகப் பணம் சேர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்காதவர்கள் குறைவு. நான் வேலூரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு ஞாயிறு ஜவ்வாது மலையில் நான்கு ஊர்களுக்குப் போய் சிகிச்சை கொடுக்கிறேன். அந்தப் பாதையில் என் கார் இரண்டு முறை அடியில் அடிபட்டு ஆயிலைக் கொட்டிவிட்டது. அதனால், நாலு சக்கரமும் இழுக்கிற, ராணுவத்தில் ஓடிய ரகத்து ஜீப்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். காரணம் அவ்வளவுதானா என்றால் இல்லை. அந்த வண்டி பார்க்க அழகாக இருக்கும். அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன பிப்ரவரியில், ஜீப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீல நிற ஜீப்பின் படம் வந்தது. திருவிடந்தையில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவுடையது, விலை மூன்று லட்சத்து எழுபதாயிரம். வாங்கலாமா என்று கேட்டேன். பதினோரு பேர் பதில் போட்டார்கள், பதினோரு பேரும் ஒரே ஆளைச் சொன்னார்கள்: செங்கல்பட்டு தனசேகர். அவர் அடியில் படுத்துப் பார்க்காத வண்டியை வாங்காதே என்றார்கள். போன் செய்தேன். "ஆர்.சி. ஜெராக்ஸ் மட்டும் எட்த்துக்கினு வாங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். கன்னியம்மா என்ற அந்த அம்மாவிடம் கேட்டு ஆர்.சி. நகலை வாங்கிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை 4.50க்கு வேலூரில் பஸ் ஏறினேன். "காயலான் கடைக்குப் போக வேண்டியத நடுவுல போய் மடக்குறே" என்று சொல்லி என் கணவர் வழியனுப்பினார். காஞ்சிபுரம் 6.35, டிக்கெட் 66 ரூபாய். அங்கே மாறி செங்கல்பட்டு வர எட்டு மணி, 35 ரூபாய். பஸ் நிலையத்துக்கு எதிரில் பொங்கல், வடை, காபி 85 ரூபாய். வடை ஆறிப்போயிருந்தது, காபி நன்றாக இருந்தது. திருக்கழுக்குன்றம் சாலையில் ஆறு கிலோமீட்டர் தள்ளி தனசேகரின் பட்டறை. ஆட்டோக்காரர் 150 கேட்டார், 120க்கு வந்தார்.

பட்டறை என்றால் தகரக் கூரை, கீழே எட்டு வண்டிகள். ராணுவம் கழித்துவிடும் வண்டிகளை ஏலத்தில் எடுத்து வந்து, கழற்றி, துருவெடுத்து, மறுபடி ஓட வைப்பது அவர் வேலை. இருபத்தெட்டு வருடமாகச் செய்கிறார். நான் போனபோது ஜோங்கா என்ற பழைய ராணுவ வண்டி ஒன்று எலும்பும் தோலுமாக நின்றது, அதற்குப் பக்கத்திலேயே முடித்த ஜீப் ஒன்று பச்சையாக மின்னியது. பார்த்ததும் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

ஆனால் என்னை நிறுத்தியது சுவர்தான். ஒரு பெரிய பிளைவுட் பலகையில் வரிசை வரிசையாக வெள்ளைத் தாள் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பென்சில் தேய்ப்பில் ஒரு சேஸிஸ் நம்பர். பள்ளியில் நாணயத்தின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே வேலை. கீழே வண்டியைக் கொண்டுவந்தவர் பெயரும் தேதியும். நாற்பது தாள் இருக்கும். மேலே இடது மூலையில் முதல் கட்டம் மட்டும் காலி.

"வண்டி உள்ள வந்தா மொதல் வேல இதான். நம்பர பென்சில்ல எட்த்துட்டு அப்பறம்தான் ஸ்பேனர் தொடுவேன்" என்றார் தனசேகர். ஐம்பது வயது கடந்தவர், ஒல்லி, மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். அந்த மூலை ஏன் காலி என்று கேட்டேன். "அது ஒரு வண்டி மேடம். அப்பால பாத்துக்கலாம்" என்று சாவியைத் தேடப் போய்விட்டார்.

நம்பருக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பவர்களுக்காக: சேஸிஸ் என்பது வண்டியின் கீழ்ச்சட்டம். அதில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது வண்டி. இல்லாவிட்டால் அரசாங்கத்தின் கண்ணில் அது வெறும் இரும்பு. பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது அதிகாரி அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.

9.10க்கு அவருடைய சொந்த ஜீப்பில் கிளம்பினோம். கேன்வாஸ் கூரை, கதவு கிடையாது, வேகம் அதிகபட்சம் ஐம்பது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வண்டியை என்னிடம் கொடுத்தார். இந்த ரகத்தில் கியர் மாற்ற கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். நான் ஒரு முறைதான் மிதித்தேன் என்பது சாலையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. "அத்த கெஞ்சி கேக்கணும் மேடம், வெரட்டக்கூடாது" என்றார். நாலாவது கிலோமீட்டரில் பிடிபட்டது. அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முப்பது வருடம் கழித்து சைக்கிள் கற்றுக்கொண்டது போல இருந்தது.

வழியெல்லாம் பாடம் நடத்தினார். சேஸிஸில் ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். நேராக வெட்டிய தகடு என்றால் அந்தக் கோட்டிலேயே பிறகு விரிசல் விடும். இவர் இரண்டு முனையும் கூராக, வைர வடிவில் வெட்டுவார், மூலையை மட்டும் லேசாக உருட்டிவிடுவார். "இந்தப் பக்கம் அப்டி வெட்றவன் வேற யாரும் இல்ல. எங்க பாத்தாலும் என் கைன்னு சொல்லிடுவேன்" என்றபோது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்கலாம், தப்பில்லை.

மாமல்லபுரத்தில் இளநீருக்கு நிறுத்தினோம், ஒன்று 60 ரூபாய். பக்கத்துச் சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தட்டு தப்பா போச்சின்னா இவங்க இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார். வேறு கல் எடுப்பார்கள் என்றேன். அவர் காயைப் போட்டுவிட்டு வண்டிக்கு நடந்தார். அங்கிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே பதினேழு கிலோமீட்டர்.

11.40க்குத் திருவிடந்தை. பெருமாள் கோயிலைத் தாண்டிக் கடலை நோக்கி இறங்கினால் குப்பம். தென்னங்கீற்றுப் பந்தலில் ஜீப் நின்றது. கன்னியம்மா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். கரையில் படகு இழுக்கவும் கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றவும் இரண்டு வருடம் இந்த ஜீப்பை ஓட்டியிருக்கிறார்கள். இப்போது குப்பத்துக்குப் பொதுவில் டிராக்டர் வந்துவிட்டது. ஜீப்பை விற்றுப் படகுக்குப் புது எஞ்சின் வாங்க வேண்டும், பழைய எஞ்சின் நடுக்கடலில் இரண்டு முறை நின்றுபோய், அவர் தம்பியின் படகை வேறு படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"பாரு, நல்லா பாரு. இன்னா வோணுமோ இப்பவே பாத்துக்கோ. அப்பறம் போன் போட்டு அது நொட்ட இது நொட்டன்னு சொல்லாத" என்றார் கன்னியம்மா என்னிடம்.

தனசேகர் சாக்கை விரித்துக் கீழே படுத்தார். சேஸிஸ் ஓட்டைக்குள் விரலை விட்டு, வந்த தூசியை நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் கடற்கரை வண்டியில் உப்பு தங்கியிருந்தால் இரும்பு உள்ளிருந்தே அரித்துவிடுமாம், அதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லையாம்.

"உப்பே இல்ல" என்றார் ஆச்சரியத்தோடு.

"எப்டி இருக்கும்? டெய்லி நல்லதண்ணி வுட்டு அடிய கழுவறேன். எம் மூஞ்சிய கழுவறனோ இல்லியோ, இத்த கழுவிடுவேன்."

எனக்குக் கன்னியம்மாவைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. மணலில் ஓட்டிப் பார்த்தபோது நாலு சக்கர லிவரும் சுலபமாக விழுந்தது. மனத்துக்குள் நான் ஜவ்வாது மலை ஏறிவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், மறுபடி கீழே போன தனசேகர் பேச்சை நிறுத்தி வெகு நேரமாகிவிட்டது.

வெளியே வந்து, முன் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் சேஸிஸைத் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். தாள் கறுப்பானது. எண் எதுவும் வரவில்லை. இன்னொரு தாள். அதுவும் வெறும் கறுப்பு. பெயிண்ட் கனமாக இருக்கும் என்றேன். பிளேடால் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் வழவழவென்று இரும்பு, அதில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் ஓடிய வட்டக் கீறல்கள்.

குந்தியபடியே பிளேடைத் துணியில் துடைத்து வைத்தார். பிறகு, "இத்த யாராண்ட வாங்கனீங்கம்மா?" என்று கேட்டார். கேளம்பாக்கம் ஃப்ளாட்டில் இருந்த ஐ.டி. கம்பெனிக்காரரிடம் என்றார் கன்னியம்மா. அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாராம்.

"பாடி, எஞ்சின் எல்லாம் வேறாளு பண்ணது. சேஸிஸ் மட்டும் எங்கிட்ட வந்துச்சி. அடியில ரெண்டு பேட்ச் கீது, அது என் கை. இந்த நம்பர அழிச்சதும் நான்தான்."

தனசேகரே தொடர்ந்தார்.

"மூணு வர்சத்துக்கு முன்ன. அவசரம்னாங்க. துரு எட்க்கும்போது கிரைண்டர் நம்பர் மேல ஏறிடுச்சி. அப்பவே தெரியும். மேல பெயிண்ட் அட்ச்சி குட்த்துட்டேன். அதுக்கப்பறம்தான் நம்பர பென்சில்ல எட்த்து பலகையில ஒட்ட ஆரம்பிச்சேன்."

கன்னியம்மா ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்தார். "அப்ப இத்த நான் யாருக்கும் விக்க முடியாதா?"

"இப்பக்கி முடியாதும்மா. அடுத்த வர்சம் ஆர்.சி. புதுசு பண்ணப் போனா உன்னத்தான் திருட்டு வண்டியான்னு கேப்பாங்க."

"மூணு வர்சமா தெரிஞ்சிகினே கம்முனு இருந்துகீற."

தனசேகர் தலையை மட்டும் ஆட்டினார். கன்னியம்மா கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. "வாயால சொன்னது காத்தோட போயிடும். எழுதிக் குடு. இந்தம்மா சாட்சிக் கையெழுத்து போடட்டும்" என்றார். கறுப்பான அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே தனசேகர் எழுதினார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதைக் கொடுத்து, அனுமதி வாங்கி, அதே எண்ணைத் திரும்பப் பொறிக்க வைப்பது தன் பொறுப்பு என்றும் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். நம்பர் வந்தால் நான்தான் வாங்குவேன், அதுவரை காத்திருக்கிறேன் என்று கன்னியம்மாவிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். நம்பவில்லை என்று தெரிந்தது. அந்த நிலையில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

திரும்பும்போது கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக வந்தோம். திருப்போரூரில் சாப்பாடு 110 ரூபாய், இருவருமே பாதிதான் சாப்பிட்டோம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு இந்த வண்டி வேண்டாம் என்று சொல்லியிருந்தாலே போதுமே, ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டேன்.

"உங்களாண்ட மட்டும் சொன்னா நீங்க தப்ச்சிக்குவீங்க. அந்தம்மா மாட்டிக்கும்" என்றார். பார்வைக் கூலியாகப் பேசிய 1,500 ரூபாயைக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார்.

இதே போலப் போக நினைப்பவர்களுக்கு: செங்கல்பட்டு, மாமல்லபுரம், திருவிடந்தை, திருப்போரூர் என்று சுற்றி வந்தால் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், ஒரு பகல் போதும். பழைய ஜீப்பில் போனால் வெயிலுக்குத் தொப்பி கட்டாயம். பச்சைப் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டும் மயங்காதீர்கள், நான் மயங்கினேன். ஒரு 2பி பென்சில், நாலு வெள்ளைத் தாள், கையில் ஆர்.சி. நகல். எண் தேய்ப்பில் வராவிட்டால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். எல்லா இடத்திலும் ஒரு தனசேகர் இருக்க மாட்டார்.

ஐந்து மாதம் ஆனது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு தனசேகர் ஒன்பது முறை நடந்தார் என்று கன்னியம்மாதான் போனில் கணக்குச் சொன்னார். அவரும் பாதி நாள் கூடவே போயிருக்கிறார், "நெம்பர வாங்கிக்கினுதான் வூட்டுக்கு வருவேன்" என்று. அதிகாரி முன்னிலையில் எண் பொறிக்கப்பட்டு, பேசிய விலைக்கே வண்டி எனக்கு வந்தது. கன்னியம்மாவின் தம்பி இப்போது புது எஞ்சினில் கடலுக்குப் போகிறார்.

வண்டியை எடுக்கப் பட்டறைக்குப் போன அன்று கன்னியம்மாவும் வந்திருந்தார். தனசேகர் தாளையும் பென்சிலையும் அவர் கையில் கொடுத்தார். அவர் அழுத்தித் தேய்த்ததில் முனை உடைந்தது, ஆனால் எண் முழுதாக வந்தது. ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளைத் திருப்பிக் கொடுத்தார். தனசேகர் அதைப் பலகையின் முதல் கட்டத்தில் ஒட்டினார். மற்ற தாள்களில் வண்டியைக் கொண்டுவந்தவர் பெயர் இருக்கும் இடத்தில், "அழித்தது: தனசேகர்" என்று எழுதினார்.

"வர்றவங்க எல்லாம் இது இன்னான்னு கேப்பாங்களே" என்றார் கன்னியம்மா.

"கேக்கட்டும்மா. சொல்றேன்."